ஐந்தாவது ஆள்

"இது இன்னைக்கு ஒனக்கு மருந்து, நாளைக்கு…" என்று அப்பா ஆரம்பிப்பார், அதற்கப்புறம் ஏதோ சொல்வார், அந்த ஏதோ ஒன்றுதான் காலையிலிருந்து நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போகிறது. நாளைக்கு விஷம் என்றாரா, நாளைக்கு விலங்கு என்றாரா, இல்லை, அப்பா அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை, மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டர், கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் அவருடைய கை மட்டும், காகிதத்தில் மடித்த பொட்டலத்தைப் பிடித்த கை. எல்லாரிடமும் இதைச் சொல்ல மாட்டார். காய்ச்சல்காரனிடம், வயிற்றுப்போக்குக்காரனிடம் மூன்று வேளை, வெந்நீர், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம் மட்டும்தான் இந்த வாக்கியம். முதல் பாதி அட்சரம் பிசகாமல் இருக்கிறது, பின்பாதி இல்லை. மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்குள் பெங்களூர் மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு இந்த மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டும். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறக்குகிறது, பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாதம் மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு வேறென்ன கிடைக்கும், கீழே அக்கா சாப்பிட்டுப் படுத்துவிட்டாள், முன்பெல்லாம் மத்தியானம் படுக்க மாட்டாள். திரையில் ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, மாத்திரையை எங்கே வைக்க வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாமல், வெயில் படாமல், வண்டி ஓட்டாதீர்கள், எல்லாம் தமிழாகிவிட்டது, இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது, நான்கே சொற்கள், இந்த மருந்து அடிக்டிவ் ஆனது, நான்காவது சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன்.

அடிக்டிவ். எவ்வளவு லேசாகச் சொல்வார்கள் அங்கே. இங்கிலாந்தில், லெஸ்டரில் என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை, வாசலில் கரும்பலகை, எங்கள் பிஸ்கட் பயங்கர அடிக்டிவ் என்று சாக்பீஸால் எழுதி ஒரு சிரிப்பு முகம் வரைந்திருப்பான், அதைப் பார்த்துத்தான் உள்ளே போவார்கள். தொடர் நாடகம் அடிக்டிவ், வறுத்த கடலை அடிக்டிவ், யாரோ ஒருவருடைய சிரிப்பு அடிக்டிவ். முறுக்கு நன்றாக இருந்தால் நாம் இன்னொன்று எடுத்துக்கொள்வோம், முறுக்குக்கு அடிமை என்று சொல்லிக்கொண்டா எடுப்போம். அவர்கள் அந்தச் சொல்லைப் பொருளின் மேல் பூசிவிடுகிறார்கள், கசப்பு மாதிரி, வெள்ளை மாதிரி, மாத்திரையின் குணம் அது, மாத்திரைதான் குற்றவாளி. நாம் மனுஷன் மேல் ஏற்றுகிறோம், குடிக்கு அடிமை, சீட்டுக்கு அடிமை, பாட்டில் பாவம் அலமாரியில் சும்மா இருக்கிறது. ஆக அங்கே பொருள், இங்கே ஆள். கையில் கொண்டுவந்து கொடுத்தவன்? அவன் இரண்டு பாஷையிலும் இல்லை. இரண்டு பாஷையும் படித்தவனுக்கு இது எவ்வளவு சௌகரியம். சௌகரியம் இல்லை, சௌகரியம் என்றால் மூன்று நாளாக ஏன் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நகர கவுன்சிலில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது ஒரு ஐயா வருவார், யாழ்ப்பாணத்துக்காரர், முதுகுவலிக்கு எட்டு வருஷமாக ஒரே மாத்திரை, டாக்டரம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள், நான் யோசிக்காமல், ஐயா, நீங்கள் இந்த மருந்துக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்கிறார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ர சீவியத்தில ஒரு சொட்டுக் குடிச்சதில்லை தம்பி, ஏன் என்னை அப்பிடிச் சொல்லுறா?" என்றார். என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். அவர் போகும்போது எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார், அடுத்த தடவை அவர் வரவில்லை, அதற்கடுத்த தடவையும் வரவில்லை, நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. நான் தமிழாக்கியதை முகம் தெரியாத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்குவார், கம்பெனியில் ஒருத்தி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதற்கு முன்பு நானே ஐந்து பேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், சாதாரண ஜனங்கள், மருந்து பற்றி ஒன்றும் தெரியாதவர்கள், அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கட்டம் போட்ட படிவத்தில் எழுத வேண்டும், கடைசிக் கட்டத்தில் புரிந்தது அல்லது புரியவில்லை. நாலு பேர் முடிந்தது. துணி தேய்க்கிற மாரிக்கண்ணுவிடம் 'அடிமையாக்கும்' என்று வாசித்தேன், அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அப்ப இது பாட்டில் சமாச்சாரமா சார், என் வீட்டுக்காரிக்கிட்ட சொல்லிராதீங்க என்றார். ஆட்டோ இசக்கியிடம் மாற்றிப் பார்த்தேன், 'பழக்கமாகிவிடக்கூடும்'. நல்லதுதான சார், பழகிட்டா கசக்காதுல்லா என்றான், அவன் சொன்னதில் தப்பே இல்லை, பல் தேய்ப்பது பழக்கம், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவது பழக்கம், பழக்கத்தைக் கண்டு எவன் பயப்படுவான். எதிர்வீட்டு அம்மாவுக்கும் போஸ்ட் ஆபீஸ் கிளார்க்குக்கும் 'சார்ந்திருக்கும் நிலையை உண்டாக்கக்கூடும்' என்று வாசித்தேன், இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஐந்தாவது கட்டம் காலி. எப்போதும் ஐந்தாவது ஆள் அக்காதான். சர்க்கரை மாத்திரைக்கு, ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு, மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்துக்கு, எல்லாவற்றுக்கும் அவள்தான், சுகிர்தா டீச்சர், முப்பத்தோரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், சிவப்புப் பேனாவோடு வந்து உட்காருவாள், என் தமிழில் சுழிக்காத இடம் இருக்காது. இந்தத் தூக்க மாத்திரைக்கு மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. வெள்ளையாக, சின்னதாக, நடுவே ஒரு கோடு. அவள் தலையணைப் பக்கத்து டப்பாவில் இருப்பது இதுதான்.

நான்தான் கொடுத்தேன். எத்தனை தடவை எந்த வழியாகச் சுற்றினாலும் இந்த இடத்தில் வந்து துணி முள்ளில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் தனசிங் அத்தான் இறந்த ஒன்பதாம் நாள், போன வருஷம் பிப்ரவரி, ஜெபக்கூட்டம் முடிந்து வந்தவர்கள் போய்விட்டார்கள், வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அக்கா ஒன்றில் உட்கார்ந்திருந்தாள், அந்த நாற்காலியை மட்டும் எடுக்காமல் அந்தப் பையன்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பது நாளாக அவள் கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை, படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், நானும் உட்கார்ந்திருப்பேன். என் பெட்டியின் அடியில் ஒன்பது அட்டை மாத்திரை இருந்தது, லெஸ்டரில் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்தது, என் மணமுறிவு ஆன வருஷம், அதை விடுவதற்கு நான் நாலு மாதம் பட்ட பாடு, சட்டென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லி மாத்திரையைக் கால் காலாக வெட்டிக் குறைத்துக்கொண்டே வந்தது, வேர்வையில் நனைந்த பனியனோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும், தெரியாமல் கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மீதியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் மாத்திரையைத் தூக்கிப் போடுவானா, பெட்டியைத் திறந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது என்ன, தைலம், சோப்பு, அப்புறம் தலைவலிக்கு ஏதாவது அந்த ஊர் மாத்திரை இருக்கா, நம்ம ஊர்து கேக்கவே மாட்டேங்கு. சாக்லேட் கொடுக்கிற மாதிரி மாத்திரை கொடுக்கிற ஜனங்கள் நாம். ஒன்பது அட்டையையும் அவள் கையில் வைத்து, அந்த ஊர் மாத்திரை அக்கா, ஒண்ணும் செய்யாது, பாதி போடு என்று சொன்னேன். ஒண்ணும் செய்யாது. என் வாயால் சொன்னேன். அவள் எட்டரை மணிக்குப் படுத்தாள், ஒன்பதுக்கெல்லாம் மூச்சு சீராக வந்தது, நான் கதவருகில் நின்று அதைக் கேட்டேன், பிறகு மாடிக்கு வந்து படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். இதுதான். அவளுக்காகக் கொடுத்தேன் என்று பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொள்கிறேன், நான் தூங்குவதற்காகக் கொடுத்தேன்.

பாதி முழுசாயிற்று, முழுசு ஒன்றரையாயிற்று. ஒன்பது அட்டை தீர்ந்த பிறகு மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு கடையில் கொடுத்தேன், டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டான், வீட்டில் இருக்கிறது என்றேன், அடுத்த மாதம் அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் அவன். கேட்டிருந்தால் நான் வேறு கடைக்குப் போயிருப்பேன். போன மாதம் ஸ்கூட்டர் சாவி அரிசிமாவு டப்பாவுக்குள் கிடந்தது, சிரித்தோம். பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, வெயில்ல மூளை உருகுது என்றாள், சிரித்தோம். பதினேழாம் வாய்ப்பாட்டைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள் பதினேழேழில் நின்றாள், நூற்றுப் பத்தொன்பது என்று நான் மாடியிலிருந்து மனசுக்குள் சொன்னேன், நூற்றுப் பத்தொன்பது, நூற்றுப் பத்தொன்பது, அவள் சொல்லவில்லை, அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. பிறகு நான் சென்னைக்குப் போன அந்த வாரம். இரண்டாம் நாளே போன். "மாத்திரை எங்க வச்சிருக்க?" அதுதான் முதல் வார்த்தை. சாப்பிட்டியா இல்லை, எப்ப வார இல்லை, குரலும் அக்கா குரல் மாதிரி இல்லை, ஏதோ ஒரு கடைக்காரனிடம் பேசுகிற குரல். மீதி அட்டையெல்லாம் அலமாரியில் மேல்தட்டில் என்றேன். கட் ஆகிவிட்டது. அந்த மேல்தட்டுக்கு அவள் நாற்காலி போட்டு ஏறியிருப்பாள், ஐம்பத்தேழு வயது, நாற்காலி ஆடும், அதை நினைத்துக்கொண்டே எழும்பூரில் ஒரு ஓட்டலில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தேன். நான் எந்தச் சொல்லைப் போட்டால் என்ன. மென்மையாகப் போட்டால் முகம் தெரியாத ஆயிரம் வீட்டில் ஆயிரம் தம்பிகள் ஒண்ணும் செய்யாதுக்கா என்று சொல்வார்கள். கடுமையாகப் போட்டால், போட்டால் அதை அவள் வாசிப்பாள், என்றைக்காவது, எங்கேயாவது. நாளைக்கு. நாளைக்கு என்ன சொன்னீர்கள் அப்பா.

படிக்கட்டில் சத்தம். ஒவ்வொரு படியாக நின்று நின்று வருகிறாள், டம்ளரும் தட்டும் உரசுகிற சத்தம், காப்பி, மணி மூன்றரை ஆகிவிட்டதா. திரையை மூடலாம், மூடினால் ஏன் மூடினாய் என்பாள், மூடவில்லை. காப்பியை வைத்துவிட்டுக் கட்டில் முனையில் உட்கார்ந்தாள், ஒரு கன்னத்தில் தலையணைச் சுருக்கம். இந்த மாத்திரைக்கு மட்டும் என்னை ஏன் கூப்பிடவில்லை, சர்க்கரை மாத்திரைக்கு மூன்று தடவை கூப்பிட்டாயே என்று கேட்டாள். நாலு பேர் போதும் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், ஐந்து கட்டத்தில் ஒன்று காலியாக இருப்பது கணக்கு டீச்சருக்குத் தெரியாதா, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வகுப்பில் வாசிக்கிற தொனியில் உரக்க வாசித்தாள், "சார்ந்திருக்கும் நிலையை உண்டாக்கக்கூடும்." நிறுத்தினாள். "யாருக்குடே இது?" மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு என்றேன். "இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள தூங்கிருவாங்க. மாத்திரையே வேண்டாம்." நான் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. நீயாக இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன், கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. அவள் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே நுங்கு வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான், அந்தச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை யோசித்தாள்.

"இத நிறுத்தணும்னு நெனச்சாலும் ஒங்களால நிறுத்த முடியாமப் போயிரும்னு போடு. நிறுத்துனா கை நடுங்கும், வேர்க்கும். தம்பி ஊருக்குப் போனா, அவன் எப்ப வருவான்னு கேக்கதுக்கு முந்தி மாத்திரை எங்கன்னு கேக்கத் தோணும். இப்படி எழுதுனா எல்லாருக்கும் புரியும்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, "இது என் மாத்திரைதான எட்வின்?" என்றாள். லே இல்லை, டே இல்லை, முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயர். ஆமாம் என்று தலையாட்டினேன். எப்போது தெரியும் என்று கேட்டேன். அட்டையோடு ஒரு சீட்டு மெல்லிசுத் தாளில் மடித்து வைத்திருந்ததாம், ரெண்டாம் நாளே எடுத்து வாசித்தாளாம், இங்கிலீஷ் மீடியத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை தெரியாதா என்றாள். பிறகு ஏன் சாப்பிட்டாய் அக்கா என்றேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, அவளைக் குற்றம் சொல்கிற குரலாக இருந்தது. "நீ குடுத்தல்லா. நீயும் வாசிச்சிருப்பியேன்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னாள், கோபமே இல்லை, விடைத்தாளில் கூட்டல் தப்பாகப் போட்டவனுக்கு எங்கே தப்பு என்று காட்டுகிற மாதிரி. என் காப்பி ஆறி ஏடு கட்டியது. என்ன சொல்வது, வாசித்தேன் என்பதா, வாசித்துத்தான் கொடுத்தேன் என்பதா, நான் தூங்க வேண்டியிருந்தது என்பதா, வாயைத் திறந்தேன், வந்தது வேறு. அப்பா தூக்க மருந்து கொடுக்கும்போது ஒன்று சொல்வாரே, இது இன்னைக்கு ஒனக்கு மருந்து, நாளைக்கு, அப்புறம் என்ன அக்கா, என்றேன். அவளுக்கு அது ஞாபகம் இருக்குமா, பதினேழேழு மறந்தவளுக்கு. உடனே சொன்னாள். "நாளைக்கு வந்து என்னப் பாத்துட்டு வாங்கிட்டுப் போம்பாங்க. வேற என்ன." அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான், தூக்க மருந்து மட்டும் ஒரு நாளைக்கு உள்ளதைத்தான் மடித்துக் கொடுப்பார், பெரிய டாக்டர் பத்து நாளைக்கு எழுதியிருந்தாலும் பத்து நாளும் ஆள் நடந்து வரணும், மறுநாள் முகம் எப்படி இருக்கிறது என்று அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்ப்பார், அதற்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் தெரியுமா என்றாள். காலையிலிருந்து விஷம் என்றும் விலங்கு என்றும் நான் தேடிக்கொண்டிருந்த இடத்தில் நாளைக்கு வா என்பதுதான் இருந்தது. நான் ஒன்பது அட்டையை மொத்தமாகக் கொடுத்தேன். மறுநாள் எந்த முகத்தையும் குனிந்து பார்க்கவில்லை.

அக்கா, நான் வாசித்திருந்தேன், என்றேன். ஒரு சீட்டு விடாமல் வாசித்திருந்தேன், நானே அதில் கிடந்து எழுந்தவன், தெரிந்துதான் கொடுத்தேன், ஒன்பது நாளாக எனக்கும் தூக்கமில்லை. எந்தப் பாஷையிலும் இல்லாத அந்தக் கொடுத்தவனை ஒருவழியாக வாக்கியத்துக்குள் கொண்டுவந்தபோது அது இவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரை எடுத்தாள், அதில் காப்பி இருப்பதைப் பார்த்து மறுபடி வைத்தாள், கை நடுங்கியது, அது மாத்திரையா, நான் சொன்னதா, தெரியவில்லை, இனி எந்த நடுக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். எதிர்வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள், தொட்டி நிரம்பி வழிந்த பிறகு அணைத்தார்கள். அக்கா எழுந்து திரைக்கு முன்னால் வந்து அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டாள். "இதுல புரிந்ததுன்னு போட்டுக்கோ," என்றாள். படிக்கட்டில் அவள் இறங்குகிற சத்தத்தை எண்ணினேன், பதினாறு படி, நடுவில் ஒரு தடவை நின்றாள். நான் அவள் சொன்ன வாக்கியத்தில் தம்பியை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே போட்டேன், பிறகு புரிந்தது என்று போட்டேன், மணி ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது, அனுப்பினேன்.

அப்புறம் கீழே போய் அவளிடம் கேட்டு அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது, கொடுத்தது நான்தான் என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொல்வது, அவர் குறைக்கச் சொல்கிற கணக்குப்படி இனி ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அன்றைக்கு உள்ளதை மட்டும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பதினாறு படி இறங்கி அவள் முகத்தைப் பார்த்துக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.